இங்கே என்ன இல்லை?

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திண்டிவனம் என்றால் தேநீர் குடிக்க இறங்கும் ஊர். விழுப்புரம் என்றால் வண்டி மாறும் ஊர். திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று நாலா பக்கமும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு அது. இறங்குகிறவர்களைவிடக் கடந்து போகிறவர்களே அதிகம். கண்ணைக் கவரும் வகையில் அங்கே ஒன்றும் இல்லை என்பார்கள். அந்த ‘இல்லை’யிலிருந்துதான் என் தாத்தா எனக்கு இந்த மண்ணைக் காட்டினார்.

தாத்தா மயிலம் பக்கத்து மானாவாரி விவசாயி. அதிகம் படித்தவர் இல்லை. எந்த இடத்துக்குக் கூட்டிப் போனாலும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கண்ணு, இங்க இன்னா இல்லன்னு பாரு” என்பார். அவர் காட்டிய வழியிலேயே இன்று உங்களையும் அழைத்துப் போகிறேன்.

முதலில் திண்டிவனம். ஊரைச் சுற்றிலும் செம்மண் காடு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்டெடுத்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊரின் பெயரையே சுருக்கி வைத்தார்கள். குடியாத்தம் பகுதியின் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2, ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூடப் பல தலைமுறை விவசாயிகளின் நிலத்தில் வேர்விட்டது. கொடி ரகம் படர்ந்து ஓடும். பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கிவிடும். கொத்து ரகத்தில் காயெல்லாம் தூரிலேயே திரண்டிருக்கும். ஒரே இழுப்பில் செடியோடு வந்துவிடும்.

எங்கள் வீட்டில் அறுவடை முடிந்ததும் திரட்சியான காயாகப் பொறுக்கிக் காயவைத்து, சாக்கில் கட்டி மூலையில் அடுக்குவார்கள். விதைக்கிற சமயத்தில்தான் அதைப் பிரிப்பார்கள். மெஷினில் கொடுத்தால் பருப்பு அடிபடும் என்று பாட்டியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே உடைப்பார்கள். அதில் ஒரு பருப்பை எடுத்து வாயில் போட எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வராது. கஷ்டமான வருஷங்களிலும் தாத்தா அந்தச் சாக்கை விற்றதில்லை. எங்கள் தட்டுக்கு வராமல் போன மல்லாட்டைதான் அடுத்த வருஷத்துக் கொல்லை.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் போனால் ஓமந்தூர். 1895இல் அங்கே பிறந்து, திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் பிரதமர் அவர்தான். இன்றைய முதலமைச்சர் பொறுப்பு. ஆலய நுழைவை உறுதிசெய்த சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் 1947இல் அவர் ஆட்சியில் வந்தவை. 1949இல் பதவியிலிருந்து இறங்கியவர், பிற்பாடு வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்தார். சென்னையில் அவர் பெயரால் பெரிய மருத்துவமனையே இருக்கிறது. தாத்தாவுக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: “நாற்காலி போச்சு. மனுஷன் போகல.”

அடுத்தது திருவக்கரை. பௌர்ணமியன்று வக்கிரகாளியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் ஊர். கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலர் சோனரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவைத்தார். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் மரத்தின் கணுவும் நார் ஓடிய வரியும் அப்படியே தெரியும். தட்டினால் கல்.

தாத்தா அங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் சுற்றிச் சுற்றி வந்து, “கிளை இல்ல தாத்தா, இலை இல்ல, வேரும் இல்ல” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். புவியியலாளர்கள் சொல்லும் காரணத்தைப் பின்னால் படித்தபோதுதான் அந்தத் தலையாட்டல் விளங்கியது. இவை அங்கேயே வளர்ந்த மரங்கள் அல்ல. பழைய ஆற்று வெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்து மணலில் புதைத்தவை. கிளையும் வேரும் காணாமல் போனதே அதற்குச் சாட்சி.

இனி விழுப்புரம். அங்கிருந்து செஞ்சி போகும் சாலையில் சென்றால் மண்டகப்பட்டு. ஒரு பாறை, அதன் முகத்தில் குடைந்த ஒரு மண்டபம், இரண்டு ஓரங்களிலும் துவாரபாலகர்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் எடுத்தது. தூணில் கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. பொதுவாக ஓர் அரசன் தான் என்னவெல்லாம் கட்டினேன் என்றுதான் பொறித்து வைப்பான். இவனோ செங்கல், மரம், உலோகம், சுதை என்று தான் பயன்படுத்தாதவற்றைப் பட்டியல் போடுகிறான்! உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. ஆனாலும் தமிழகத்தின் குடைவரைக் கோயில் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்தப் பாறையைத் தாண்டிப் போக முடியாது.

தாத்தாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. யாரோ வாத்தியார் சொன்னதைக் கேட்டு மனதில் வைத்திருந்தார். மாமல்லபுரத்துக்குப் போக ஆசைப்பட்ட என்னை முதலில் இங்கேதான் கூட்டி வந்தார். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும், எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், புதிதாக ஒருவரிடம் பழகினாலும், இருப்பதை எண்ணும் முன் இல்லாததைத் தேடுகிறது என் கண். பல நேரம் அதுதான் ஆளைச் சரியாக அடையாளம் காட்டுகிறது.

நேயர்களே, மண்டகப்பட்டுக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்திலிருந்து செஞ்சி மார்க்கப் பேருந்தில் போகலாம். திருவக்கரைக்குத் திண்டிவனம், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் சாலை உண்டு. வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். தண்ணீர் கையோடு இருக்கட்டும். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வரலாறு, வருஷம் எல்லாம் வீட்டுக்கு வந்தபின் படித்துக்கொள்ளலாம். அங்கே நிற்கும்போது அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள்.