வாத்தியாரும் படித்தவர்தானே?



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "பெண்ணைப் படிக்க வையுங்கள், ஏற்றத்தாழ்வு தானாக ஒழியும்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து வந்திருக்கிறேன்.

இடக்கொச்சியில் நின்று இதைப் பேசுவதில் ஒரு வசதி, சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். வடக்கே, இதே காயலில், முளவுகாடு என்றொரு தீவு. அங்கே 1912இல் ஒரு புலையர் வீட்டில் தாட்சாயணி பிறந்தார். மறு வருஷம் அந்தச் சமூகத்தார் கூட்டம் போட நினைத்தார்கள். கொச்சி மண்ணில் கூடி உட்கார அவர்களுக்கு இடமில்லை. வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி, காயல் மேலேயே கூட்டம் நடத்தினார்கள். மண்ணுக்கு இருந்த தீட்டு தண்ணீருக்கு இல்லை போலிருக்கிறது!

அந்தக் குழந்தைதான் பிற்பாடு எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தவர். மேல்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்ட மாட்டார். எட்ட நின்று, மற்றவர்களுக்குக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்தே தாட்சாயணி கற்றுக்கொண்டார். 1935இல் பட்டம் வாங்கினார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்.

நண்பரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வாத்தியார் படிக்காதவரா? வேதியியலைக் கரைத்துக் குடித்தவர். குடித்தும் அந்தப் பெண்ணை மேசைப் பக்கம் விடவில்லையே!

தாட்சாயணி ஆசிரியையாகித் திருச்சூர்ப் பக்கம் பெரிங்கோட்டுக்கரைக்குப் போனார். ஒரு நாள் வயல் வரப்பில் எதிரே ஒரு மேல்சாதி அம்மாள். 'இறங்கி வழி விடு' என்கிறார். தாட்சாயணி அசையவில்லை. கடைசியில் வயலில் இறங்கியது அந்த அம்மாள்தான். படிப்பு அவருக்கு முதுகெலும்பு கொடுத்தது, மறுக்கவில்லை. 1946இல், 34 வயதில், அரசியல் நிர்ணய சபைக்கே போனார். அங்கிருந்த ஒரே தலித் பெண். ஆனால் வரப்பை அகலமாக்கப் படிப்பால் முடியவில்லை.

கல்வி வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? 'போதும்' என்கிறீர்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். 2011 கணக்கெடுப்பில் கேரளப் பெண்களில் 100க்கு 92 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 2021இல் சட்டமன்றத்தின் 140 இடங்களில் எத்தனை பெண்கள் ஜெயித்தார்கள்? 11. 2024 மக்களவைத் தேர்தலில், 20 தொகுதிகளில்? ஒருவர்கூட இல்லை. கௌரியம்மா சட்டம் படித்தவர், 1957லேயே வருவாய்த்துறை அமைச்சர். 1987இல் அவர்தான் முதல்வர் என்று நாடே பேசியது. நாற்காலியில் உட்கார்ந்தவர் நாயனார்.

இன்னும் கசப்பானது ஒன்று. 2021 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பெண் கணவன் வீட்டில் இறந்து கிடந்தாள். ஆயுர்வேத மருத்துவ மாணவி. அவனோ அரசு அதிகாரி. 100 பவுன், ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், ஒரு கார் எல்லாம் வரதட்சணையாகப் போயிருந்தன. அவனுக்குக் கார் பிடிக்கவில்லையாம். 2022இல் விசாரணை நீதிமன்றம் அவனுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. இரண்டு பக்கமும் படிப்புக்குக் குறைவில்லை, கவனியுங்கள். நம் தமிழ் வீடுகளில் மட்டும் என்ன வாழுதாம்? பையன் பி.ஈ. என்றால் ஒரு பேரம், டாக்டர் என்றால் வேறு பேரம். சான்றிதழைக் காட்டித்தான் விலையே ஏறுகிறது! வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல்.

அரூர் பாலத்தைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர். அங்கே 1916 சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்து மகளுக்கு, மகன் பங்கில் காலோ 5000 ரூபாயோ, எது குறைவோ அதுதான். பட்டதாரிகள் நிறைந்த சமூகம் அந்தக் கணக்கோடு 70 ஆண்டு நிம்மதியாகத்தான் இருந்தது. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் உச்சநீதிமன்றம் வரை போய், 1986இல் சம பங்குக்குத் தீர்ப்பு வாங்கினார். பள்ளிக்கூடம் நடத்தியவருக்கே கோர்ட்டுப் படி ஏறித்தான் சொத்து வந்தது.

ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்? 2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் வந்தது. அதுவே பெரிய செய்தியாகிப் பத்திரிகையெல்லாம் எழுதின. தேங்காய் துருவுவது இந்த ஊரில் செய்தி! அந்தப் பாடம் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது. இந்த முன்வரிசைக்கு எப்போது வரும்?

ஆகவே, செயலாளர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள். நம் சங்க மண்டபத்தைக் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தால், வாடகைக்கு முன்னால் ஒரு கடிதம் வாங்க வேண்டும்: 'பவுன் பேசவில்லை, பணம் பேசவில்லை' என்று மாப்பிள்ளையும் அவன் தகப்பனாரும் கையெழுத்துப் போட்ட கடிதம். பொய் எழுதுவார்கள் என்கிறீர்களா? எழுதட்டும், அதை மண்டப வாசலில் ஒட்டுவோம்.

இன்னொன்று. நம் செயற்குழுவில் இரண்டே பெண்கள், இரண்டு பேருமே உபசரிப்புக் கமிட்டி. பணப்பெட்டிச் சாவி எந்தக் காலத்திலும் புடவை முந்தானையில் முடியப்பட்டதில்லை. வருகிற தேர்தலில் பொருளாளர் பதவிக்கு நான் நிற்கிறேன். எதிர்த்து நிற்கப்போகிறவர்கள் இப்போதே எழுந்து பெயர் சொல்லலாம்.