தாயின் பெயரும் தலைப்பெழுத்தாகுக!



செங்கழுநீர்ப்பட்டு மண்ணில் பெயரைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. இம்மண்ணின் கடற்கரையூராகிய மாமல்லபுரம், மாமல்லன் என்னும் பல்லவ வேந்தனின் பட்டப்பெயரையே தன் பெயராகக் கொண்டது. அங்குள்ள தருமராசர் தேரில் வேந்தர்தம் பட்டப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. அவர்களை ஈன்ற தாயரின் பெயர்களோ அவ்வரிசையில் இல்லை.

தாய்வழியைத் தமிழர் அறியாதவரா? பழைய செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் காண்க. ஊரவையில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியனல்லன். அவன் மட்டுமா? தந்தைவழி உறவினரோடு, அவனுடைய சிற்றவ்வை பேரவ்வை மக்களும், தாயோடு உடன்பிறந்தவனுங்கூட உரியரல்லர். பழியைப் பங்கிடும்போது தாய்வழியும் எண்ணப்பட்டது. பெயரைப் பங்கிடும்போது மட்டும் எண்ணலாகாதா?

கழகத் தொகையிலும் சான்றுண்டு. அகநானூற்றின் 352ஆம் பாடலைப் பாடியவர் அஞ்சியத்தை மகள் நாகையார். தந்தை பெயரின்றி, அஞ்சியின் அத்தை மகள் என்றே அப்புலமைச் செல்வி அறியப்பெறுகிறார்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1916இல் பிறந்த இசையரசி சுப்புலட்சுமியின் பெயர்முன் நிற்கும் ஈரெழுத்துகளுள் முன்னது ஊராகிய மதுரை. பின்னது அவரை ஈன்ற வீணைக்கலைஞர் சண்முகவடிவு. வசந்தகுமாரியின் பெயர்முன் நிற்கும் இரண்டாம் எழுத்தும் அவர்தம் அன்னை லலிதாங்கியே. ஆயினும் ஆங்கில எழுத்தென்னும் முகமூடி அத்தாயரை மறைத்துவிட்டது. பாட்டில் உருகியோருள் அத்தாயரை அறிந்தோர் எத்தனை பேர்?

2021 திசம்பரில் தமிழ்நாட்டரசு, தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதுமாறு ஆணையிட்டது. 2022இல் உச்சநீதிமன்றம், தந்தையை இழந்த குழந்தையின் குடும்பப்பெயரை முடிவுசெய்யும் உரிமை தாய்க்குண்டு எனத் தீர்ப்பளித்தது. இரண்டையும் இணைத்து எண்ணுங்கள்!

கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தி மகவின் கைபிடித்துப் பள்ளி வாயிலில் நிற்கிறாள். "தந்தை பெயர்?" என்னும் முதல் வினாவிலேயே அவள் தலை குனிகிறது. தவறிழைத்தவன் எங்கோ இருக்க, தலைகுனிவு மட்டும் அவளுக்கா? ஆசிரியப் பெருமக்களே, "உங்கள் பெயர் என்ன, அம்மா?" என்று முதலில் கேளுங்கள்; அப்பெயரின் முதலெழுத்தை மகவின் பெயர்முன் எழுதுங்கள்.

மொழியைத் தாய் என்று போற்றுகிறோம். பெற்ற தாய்க்கு ஓரெழுத்தளவு இடந்தர மறுத்துவிட்டுத் தாய்மொழியைப் போற்றுவதில் பொருளென்ன? தந்தை எழுத்தோடு தாயின் எழுத்தும், தாய் ஒருத்தியே வளர்த்தால் அவள் எழுத்து மட்டுமே, தூய தமிழில் நிற்கட்டும்!

தாய்மை வெல்க! தமிழ் வெல்க!