கணிப்பொறியில் ஓடும் குருதி

(பொறியியல் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொருளாதாரம் பயின்ற அரசு அலுவலன் ஒருவன் குருதியோட்டத்தைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால், நேரில் காண இயலாததை மதிப்பிட்டறிவது எங்கள் துறையின் அன்றாட வேலையே.

1842-இல் ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் எடுத்துரைத்த விளைவே இங்கு அடிப்படை. உடலினுள் செலுத்தப்படும் கேளா ஒலி, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சிறிது மாறுகிறது. நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் குருதியை 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 60 பாகைக் கோணத்தில் சந்தித்தால், மாற்றம் ஏறத்தாழ 1,600 ஹெர்ட்ஸ். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி எவ்வளவு குறுகியுள்ளது என்பதை மருத்துவர்கள் இவ்வாறு மதிப்பிடுகின்றனர்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குருதியின் எதிரொலி மிக மெலிந்தது. தமனிச் சுவரின் எதிரொலியோ பன்மடங்கு வலியது. ஆகவே மெதுவாக அசைபவற்றின் எதிரொலியைக் கருவி வடிகட்டி நீக்குகிறது. அப்போது மெதுவாக ஓடும் குருதியின் எதிரொலியும் உடன் நீங்கிவிடக்கூடும். திரையில் ஓட்டம் தெரியாதபோது, அங்கே ஓட்டமே இல்லையா, கருவி அதனை இழந்துவிட்டதா? நோயாளியிடம் உண்மையான வேகம் எவருக்கும் தெரியாது. அடைபட்ட தமனிக்கும் மிகக் குறுகிய தமனிக்கும் சிகிச்சை வேறு என்பதால், இக்கேள்வி உயிரைப் பற்றியது.

இதற்குக் கணிப்பொறி வழிகாட்டுகிறது. குழாய் ஒன்றைக் கற்பனையாக அமைத்து, ஒலியைச் சிதறடிக்கும் புள்ளிகளை அதில் தூவுகிறோம். நடுவில் மிகுந்த வேகம், சுவரோரம் சுழி வேகம் என நாமே வகுக்கிறோம். ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாப் புள்ளிகளின் எதிரொலியையும் கூட்டி, புள்ளிகளைச் சற்று நகர்த்தி, மீண்டும் கூட்டுகிறோம். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன, அத்தனையும் தேவையில்லை. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு எல்லாக் குடும்பங்களையும் கேளாமலே நாட்டின் நிலையை மதிப்பிட்டதுபோல, சீரற்றுத் தூவிய சில ஆயிரம் புள்ளிகளே போதும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யென்சென் 1990-களில் உருவாக்கிய ‘ஃபீல்டு’ நிரல் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகிறது.

இங்கு உண்மை வேகம் முன்னரே நமக்குத் தெரியும். வடிகட்டும் முறை எவ்வளவு ஓட்டத்தை இழந்தது என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். எனினும், நாம் இட்டதையே கணிப்பொறி திருப்பித் தரும். சுவரின் நெகிழ்வை விட்டுவிட்டால் விடையும் அதை விட்டுவிடும். நோயாளியிடம் செய்யும் சோதனைக்கு இது மாற்றன்று.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேளா ஒலிக் கருவிகள் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டவை. பெண் சிசுவைக் காக்க அது இன்றியமையாதது. ஆகவே மாணவர்கள் பயிலக் கணிப்பொறி நல்ல களம். பொதுப் பணத்தில் கருவி வாங்கும் அலுவலர்களும் விலையை மட்டும் கேளாமல், “இக்கருவி காணக்கூடிய மிகக் குறைந்த வேகம் எது?” என்று கேட்டல் வேண்டும். அதற்கு வரும் விடையைச் சோதித்துச் சொல்லும் ஆற்றலை நீங்கள் பெறுவீர்களாக.