நரம்பு நோயும் பத்திய உணவும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருவர் நோயுற்றால், மருந்துக்கு முன்னே எழும் கேள்வி பத்தியத்தைப் பற்றியதாகும். மீன் ஆகுமா, முட்டை ஆகுமா என்று அயலவர் அனைவரும் தீர்ப்பு வழங்குவர். ‘மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ்’ எனும் நரம்பு நோய் பற்றி இக்கேள்வியை எழுப்பினால், விஞ்ஞானம் தரும் விடை யாது?

மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளை ‘மயலின்’ எனும் கொழுப்புறை போர்த்தியிருக்கின்றது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுறையைச் சிதைப்பதுதான் இந்நோய். பார்வை மங்கும், கால் தளரும், களைப்பு மேலிடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களையே மிகுதியாகப் பற்றும். வெயில் மிகுந்த யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் இது அரிது. வட ஐரோப்பாவிலோ மிகுதி.

யாழ்ப்பாணத்தவர் பலர் குடியேறியுள்ள நோர்வே நாட்டிலேதான் உணவு பற்றிய ஐயம் வலுப்பெற்றது. கடற்கரை மீனவரைவிட உள்நாட்டு உழவரிடையே இந்நோய் கூடுதல் என்பதை, 1952இல் றோய் சுவாங்க் எனும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் எடுத்துக்காட்டினர். வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் குறைந்த உணவை அவர் தம் நோயாளருக்கு விதித்தார். அதனை வழுவாது கைக்கொண்டோர் நெடுங்காலம் நலமாயிருந்தனர் என்று 1990இல் எழுதினார். ஆயினும், நோய் கடுமையாகாதவரே பத்தியத்தைக் காக்க வல்லவராயும் இருந்திருக்கலாம் அன்றோ? பல ஆய்வுகளைச் சீர்தூக்கிய 2020ஆம் ஆண்டுக் கொக்கிரேன் அறிக்கையும், உணவு மாற்றம் இந்நோயின் போக்கை மாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறிற்று.

அப்படியாயின் உணவால் பயனில்லையா? உண்டு. பத்தியமென்று மீனையும் முட்டையையும் விலக்கி, ஈடாக வேறொன்றும் கொடாதுவிட்டால் தசை மெலியும். தளர்ந்த கால் மேலும் தளரும். அடிக்கடி சிறுநீர் கழிக்க அஞ்சித் தண்ணீரைக் குறைப்போருக்கு, இந்நோயில் இயல்பாகவே வரும் மலச்சிக்கல் கூடும். உடற்சூடு ஏறினால் நோய்க்குறிகள் மிகுமாதலின், சித்திரை வெயிலிற் குளிர்ந்த நீர் நற்றுணையாகும். சூடை மீன், முருங்கையிலை, குரக்கன், தவிடு நீக்காத சிவப்பரிசி ஆகியன யாழ்ப்பாணச் சந்தையிலேயே கிடைக்கும் நல்லுணவுகள். விழுங்க இடர்ப்படுவோர் உணவின் பதத்தை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இன்றுள்ள மருந்துகள் நோய் மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கின்றன. பத்தியத்தை நம்பி அவற்றைக் கைவிடுபவர், அழிந்த நரம்பைப் பின்னர் எவ்வுணவாலும் மீட்க இயலாது. மருந்து தொடரட்டும், உணவு உடலுக்கு வலுவூட்டட்டும்.