கண்ணுக்கு மஞ்சள் ஊசி: முன்பே சொல்லிவிடுவோம்

சர்க்கரை நோய் இருக்கிற நம்மில் சிலருக்கு விழித்திரையைப் படமெடுக்க, கை நரம்பில் ஃபுளோரசின் என்ற சாய மருந்தை ஏற்றுவார்கள். ஊசி போட்டதும் சிலருக்குக் குமட்டும்; மெதுவாக மூச்சு இழுத்துவிட்டால் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும். தோலும் சிறுநீரும் மஞ்சளாகும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். நம் குழு அக்கா ஒருவர் காமாலையென்று பயந்து கீழாநெல்லி தேடப் போய்விட்டார்!

முன்பு இந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா, அலர்ஜி, ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு உண்டா, கர்ப்பமா, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிடணும். "டாக்டர் கேட்கலையே" என்று சும்மா இருக்கக் கூடாது. ஊசி போட்ட இடம் எரிந்தால் மருந்து வெளியே கசிந்திருக்கலாம், உடனே சொல்லணும். உடம்பு தடித்து அரித்தாலோ, மூச்சு முட்டினாலோ அப்படித்தான். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால், படம் எடுத்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருவோம்.