மூலிகை யார் சொத்து?

(மலையடிவாரக் கிராமமொன்றில் வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மூலிகையைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்ல. ஒரு கஷாயம் வைக்கவும் எனக்குத் தெரியாது. ஆகவே எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை என்று கேட்டுப் போகலாமென வந்தவர்கள் ஏமாற்றமடைய வேண்டியதுதான். மூலிகை அறிவு யாருடையது, அது எதனால் பெருகும், எதனால் அழியும் என்கின்ற விஷயத்தை மாத்திரம் பேசுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம் நாட்டில் ஒரு செடிக்குக் குணம் இருக்கிறதென்றால், யாரோ ஒரு ரிஷி ஞானதிருஷ்டியினால் கண்டு சொன்னார் என்பார்கள். பொதிகை மலையையே அகத்தியருக்கு எழுதி வைத்துவிட்டோம். ஆனால் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்து, மென்று பார்த்து, கசந்து, வாந்தியெடுத்து, எது ஆகும் எது ஆகாது என்று கண்டவர்கள் காணிக்கார மக்கள். அவர்களுக்குத் திருஷ்டி இருந்தது வாஸ்தவம்; அது ஞானதிருஷ்டியல்ல, கண் திருஷ்டி!

1987-ஆம் வருஷம் டிசம்பரில் சில விஞ்ஞானிகள் அந்த அகத்தியமலைக் காட்டுக்குப் போனார்கள். வழிகாட்டியாய் வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் மலையேறினார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. "என்ன தின்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு அவர்கள் முதலில் சொல்லவில்லை. நன்றாய் வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் சோதித்து, 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, 1995-இல் ஒரு கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமை கொடுத்தார்கள். அந்தத் தொகையிலும், விற்பனையில் வரும் பங்கிலும் சரிபாதி காணிகளுக்கென்று ஏற்பாடாயிற்று. அதைப் பெறுவதற்காக 1997-இல் காணிகளுடைய டிரஸ்டும் பதிவாயிற்று. உலகம் முழுதும் இதை மெச்சிற்று.

மெச்சத்தக்கதுதான். ஆனால் முழுதும் நியாயமாய் நடந்ததா? காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், தங்களைக் கேளாமல் இப்படிச் செய்யலாமா என்று ஆட்சேபித்தார்கள். அந்தச் செடியைப் பறிப்பதற்கு வனத்துறையின் அனுமதி கிடைப்பதிலும் தொல்லை வந்தது. அதாவது, அறிவைக் கொடுத்தவன் தன் காட்டில் இலை பறிக்க மனுப் போட வேண்டியதாயிற்று! கொடுக்கிறவன் தருமம் போடுகிறவனாகவும், உரியவன் கை நீட்டுகிறவனாகவும் இருந்தால் அதற்குப் பங்கு என்று பெயரா, பிச்சை என்று பெயரா?

இதைச் சொன்னவுடன், "அதனால்தான் நம் பாட்டன் மூலிகையை யாருக்கும் சொல்லவில்லை; சொன்னால் பலிக்காது" என்பார் உண்டு. தோழர்களே! சொன்னால் பலிக்காத மருந்து மருந்தல்ல, மந்திரம். ஒரு கிழவர் பிள்ளைக்கும் சொல்லாமல், பெண்ணுக்கு அறவே சொல்லாமல் செத்தால், அவருடன் 10 தலைமுறையின் அறிவு சுடுகாட்டுக்குப் போகிறது. அதில் யாருக்கு என்ன லாபம்?

அதுபோலவே சோதியாமல் நம்புவதும் கேடு. சர்ப்பகந்தி என்று ஒரு செடி. வேர் பாம்புபோல் வளைந்திருப்பதால் பாம்புக்கடிக்கு மருந்தென்று நம்பினார்கள். அதை நம்பி நேரத்தைப் போக்கியவர்கள் எத்தனை பேர் மாண்டார்களோ! அதே செடியைச் சோதித்தவர்கள் கண்டது வேறு. கல்கத்தாவில் 1931-இல் அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதென்று எழுதினார்கள். பம்பாயில் டாக்டர் வகீல் 1949-இல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். 1952-இல் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள்; உலகமெல்லாம் பயன்பட்டது. பாம்புக்கடிக்கோ மருந்து விஷமுறிவு ஊசிதான். அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்! இருளருடைய பாம்பு அறிவும் சோதனைச்சாலையும் கைகோர்த்தபோது உயிர் பிழைக்கிறது. வேரும் மந்திரமும் கைகோர்த்தபோது உயிர் போயிற்று. நம் செங்காந்தள் கிழங்கைப் பாருங்கள். அதிலுள்ள சத்து அளவோடு கீல்வாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் ஆளைக் கொல்லும். 'பச்சிலைதானே, என்ன செய்யும்?' என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

சர்ப்பகந்திக்குப் பேர் வந்தவுடன் என்ன ஆயிற்று? வேர்தான் மருந்து, வேரைப் பிடுங்கினால் செடி போயிற்று. காடு காடாய்த் தோண்டினார்கள். இன்றைக்கு அது சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. ஆரோக்கியப்பச்சையோ பெருமரங்களின் நிழலில் முளைப்பது. மரத்தை வெட்டிவிட்டுச் செடிக்கு வேலி போட்டுப் பயனில்லை. காட்டில் சாமி இருக்கிறது, வெட்டாதே என்று பயங்காட்டிக் காத்தார்கள். அந்தச் சாமியைப் பெயர்த்து ரோட்டோரத்தில் வைத்துவிட்டால் காடும் காலியாகிறது. காட்டில் இருப்பது சாமியல்ல, நம் மருந்தும் மழைநீரும் என்று தெரிந்தவன் காப்பதே நிலைக்கும்.

ஆகவே செய்ய வேண்டியதென்ன? 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் குழு அமைத்து, அவ்வூர்ச் செடி கொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அந்த அறிவில் சமூகத்துக்கு உரிமை உண்டென்கிறது. உங்கள் ஊர்ப் பதிவேடு எங்கே இருக்கிறதென்று நாளைக்கே போய்க் கேளுங்கள். யாரோ ஆபீசில் உட்கார்ந்து எழுதியதா, நீங்கள் எழுதியதா என்று பாருங்கள். மருத்துவச்சியையும், ஆடு மேய்க்கிறவரையும், மலையிலிருந்து தேன் கொண்டு வருகிறவரையும் நடுவில் உட்காரவைத்து, பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எது கண்டது, எது கேட்டது என்று பிரித்து எழுதச் செய்யுங்கள். சொன்னவர் பெயரும் பதிவாகட்டும். அவர் சம்மதமின்றி வெளியே போகாதிருக்கட்டும்.

அகத்தியர் பெயரை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. காணிக்காரன் பெயரை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அறிவுக்கு உரியவன் மானத்தோடு நின்றால் அறிவு பெருகும், காடும் நிற்கும்.