பழுது பார்க்க வந்தவர்

வகுப்பில் மேசைக்கடியில் பொம்மை செய்யும் பையனிடமிருந்து அதைப் பறித்து வைப்பது தலைமையாசிரியனாகிய என் வழக்கமாயிருந்தது. வீடியோ விளையாட்டுக் கருவிகளை வகுத்த கும்பெய் யோகோயின் வரலாற்றை அறிந்தபின் அது என் மனத்தை உறுத்துகிறது.

ஜப்பானில், கியோத்தோ நகரில், சீட்டுக் கட்டுகள் செய்துவந்த நிண்டெண்டோ கம்பெனியில் 1965ஆம் ஆண்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் அவர் அமர்ந்தார். ஓய்வு வேளையில், நீண்டு சுருங்கும் கை ஒன்றைத் தமக்கென்று செய்தார். அதைத் தலைவர் யமாவுச்சி கண்டுவிட்டார். கண்டிப்பு வருமென்று எண்ணிச் சென்றவருக்கு, அதையே விற்பனைப் பொருளாக்கும்படி உத்தரவு கிடைத்தது! 1966இல் வெளிவந்த அக்கை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பின்னர் ஒருநாள் ரயிலில் ஒருவர் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்குவதைக் கண்டார். கால்குலேட்டரின் திரை அக்காலத்தில் மலிந்திருந்தது. அதைக் கொண்டே 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் கையடக்கக் கருவி பிறந்தது. பழகி விலை குறைந்த பொருளைப் புதுவழியில் பயன்படுத்துவதே அவர் கொள்கை. 1989இல் அவர் குழுவினர் படைத்த 'கேம் பாய்' கருவிக்கும் வண்ணத் திரை இல்லை. போட்டியாளரின் வண்ணக் கருவிகளோ ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்தன. இது நான்கைக் கொண்டு அவற்றினும் நெடுநேரம் ஓடியது. விலையும் குறைவு. கோடிக்கணக்கில் விற்றது.

1995இல் வந்த 'வர்ச்சுவல் பாய்' தோற்றது. மறு ஆண்டு கம்பெனியை விட்டு விலகித் தனி நிறுவனம் கண்டார். 1997இல், தம் 56ஆம் வயதில், சாலை விபத்தில் மாண்டார். அவர் கைபட்ட 'ஒண்டர்ஸ்வான்' 1999இல் வெளிவந்தது. அதற்கும் வண்ணத் திரை இல்லை. ஒரே மின்கலத்தில் ஓடியது.